நான் அடையாளம் சொன்ன புத்தர்

தொண்டாமுத்தூர் மாமா போன் செய்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பெரியப்பா மகன் அவர். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, அதுதான் அவருக்கு எல்லாம். மோட்டார் ரூம் கட்டக் குழி தோண்டியதில் ஜேசிபிக்கு ஒரு சிலை தட்டுப்பட்டதாம். "நீ காலேஜ்ல சரித்திரந்தான சொல்லிக் குடுக்கற? வந்து என்ன சாமின்னு பாத்துச் சொல்லிப்போட்டுப் போ அம்மணி" என்றார்.

போனேன். முழங்கால் உயரத்தில், சம்மணமிட்ட உருவம். மண்ணைத் துடைத்தேன். இந்தப் பக்கம் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சமணர் சிலைகள்தான். அவற்றில் துணி இருக்காது. இதிலோ இடது தோளில் சீவரத்தின், அதாவது பிக்குகள் போர்த்தும் துணியின், மடிப்பு தெளிவாக ஓடியது. போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாமா, இது புத்தருங்க! நம்ம நாட்டுல இருந்து பிக்குகள் கப்பலேறி இலங்கைக்கும் சீனாவுக்கும் போய்ப் பாடம் சொன்னாங்க. அங்கிருந்தும் ஏடு தேடி இங்க ஆளுக வந்தாங்க. இப்பவும் பாருங்க, ஜப்பான்ல இருந்துகூட உங்க தோட்டத்துக்கு ஆள் வரும்!"

மாமாவின் முகம் சுருங்கியது. "கவர்மெண்ட்டும் வருமா அம்மணி?"

மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "தாசில்தாருக்குச் சொல்லோணுமுங்க மாமா."

"வேலி போட்டு போர்டு நட்டுப்போட்டா நாங்க எங்க போறது?"

"அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரல். ஒரு வாரம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். "செரி செரி" என்று தலையாட்டி, என் கார் டிக்கியில் ஒரு சாக்குத் தேங்காய் போட்டு அனுப்பிவைத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது என்னவோ புத்தர்தான்.

அடுத்த ஞாயிறு போனால் மோட்டார் ரூமுக்குத் தரை போட்டாகிவிட்டது. கான்கிரீட்டில் ஈரம் இன்னும் காயவில்லை. "உள்ளயே வெச்சு மூடிப்போட்டோம். கோவிச்சுக்காத கண்ணு. சூடம் பத்த வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் மூடுனோம். நீ எடுத்த போட்டாவையும் அழிச்சுப்போடு" என்றார் மாமா. அத்தை காபி கொண்டுவந்து கொடுத்தார்.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இருக்கிற இரண்டு ஏக்கரும் போய்விடுமோ என்று பயப்படுகிற மனிதரையா? புகார் கொடுத்த பிறகும் நிலம் அவர் கையில் நிற்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியுமா? கையாலாகாத ஆத்திரத்தோடு காபியைக் குடித்தேன். அவர் பார்க்கப் பார்க்கப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

மறுநாள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பௌத்தம் பரவிய பாடம். போர்டில் காஞ்சி, நாகை, இலங்கை, சீனா என்று அம்புக்குறி போட்டேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் ஒண்ணுமே கெடைக்கலீங்களா மேடம்?"

நோட்டைத் திறந்து, பேனாவோடு காத்திருந்தாள்.

"இல்லை" என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.