கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்ட கிழங்கு

சிதம்பரத்தில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். சாப்பிடும்போது கண் பட்டுவிடும் என்று கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். சின்ன வயதுப் பழக்கம்.

போன மாதம் மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. எப்படியோ தாழ்ப்பாளை நீக்கி, வாசலில் நின்று கையை ஆட்டினேன்.

பக்கத்து அறையில் தங்கி நர்சிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி தண்ணீரை நீட்டினாள்.

“தண்ணி குடுக்காதடி!” என்று கத்தினாள் இன்னொருத்தி, செல்வி. பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து, மேல்வயிற்றில் கையை வைத்து ஓங்கி அழுத்தினாள். கிழங்கு வெளியே வந்து விழுந்தது.

அப்புறம் அவள்தான் அழுதாள். “இதுவரைக்கும் பொம்மைக்குத்தான் பண்ணியிருக்கேன் பெரியம்மா.”

“பொம்மைக்கே சரியா பண்ணமாட்டா இவ” என்றாள் மற்றவள்.

இப்போது கதவைத் திறந்துவைத்துத்தான் சாப்பிடுகிறேன். அவர்கள் லீவுக்குக் கடலூர் போய்விட்டால் கிழங்கு வாங்குவதில்லை. கஞ்சிதான்.