ஒரு அங்குலத்தில் பத்துத் தையல்

இல்லாத ஒரு விண்கப்பல் முந்நூற்று முப்பது மீட்டரா, நானூற்றுப் பத்து மீட்டரா என்று மூன்று வருடம் சண்டை போட்டோம். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், எல்லோரும்தான். ஒரு வெளிநாட்டுத் தொடர். அதற்கு வாட்ஸப்பில் ஒரு தமிழ்க் குழு. எங்கள் தொழிற்சாலையிலிருந்து அதில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் இடம் அது. நான் பேட்டர்ன் வெட்டுகிற பிரிவு. என் தோஸ்த் குவாலிட்டி பிரிவு.

நான் முந்நூற்று முப்பது. அவன் நானூற்றுப் பத்து. எனக்கு அது வாய்ச்சண்டை மட்டும்தான். அவனுக்கு அப்படியில்லை. பள்ளிகொண்டாவில் இருந்த அவன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, இரண்டு வருடமாக அந்தக் கப்பலின் மாதிரியைச் செய்துகொண்டிருந்தான். ஷூவின் உள்ளே வைக்கிற அட்டையின் கழிவுத் துண்டுகள்தான் சுவர்கள். கயிறு கோக்கும் இடத்தில் அடிக்கிற பித்தளை வளையங்கள்தான் ஜன்னல்கள். மேஜை நீளத்துக்கு இருந்தது. ஒவ்வொரு கதவும் நானூற்றுப் பத்து மீட்டர் கணக்குக்குச் சரியாக வெட்டப்பட்டது. சென்னையில் ரசிகர்கள் கூடும் நாளில் மண்டபத்தின் நடுவில் அதை வைப்பதாகக் குழுவில் பேச்சு. கப்பலின் அளவு தப்பு என்று முடிவானால் அவன் செய்த மாதிரியும் தப்பு.

அந்த நேரத்தில்தான் தொடரில் அந்தக் கப்பலின் கேப்டன் போட்டிருந்த பூட்ஸ் ஏலத்துக்கு வந்தது. விற்கிறவன் முழு பூட்ஸையும் அளந்து படம் போட்டிருக்கலாம். தையலின் அழகைக் காட்ட நினைத்தானோ என்னவோ, ஒரு தையல் தொடங்கும் இடத்தை மட்டும் ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் எடுத்துப் போட்டான். கேப்டன் கப்பல் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற, பூட்ஸின் தையல்களை எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவான படம் ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு தையலின் நீளம் தெரிந்தால் பூட்ஸின் நீளம் தெரியும். பூட்ஸ் தெரிந்தால் கதவு, கதவு தெரிந்தால் கப்பல். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் நானூற்றுப் பத்து. பத்து என்றால் முந்நூற்று முப்பது.

யார் எண்ணுவது என்று கேள்வி வந்தபோது அவனே குழுவில் குரல் பதிவு போட்டான். “எண்ணுறது என் வேலதான், ஆனா நான் எண்ணுனா, மாடல காப்பாத்த எண்ணிட்டான்னு சொல்வீங்க. அவன் எண்ணட்டும். அவன் இன்னா சொன்னாலும் எனக்கு ஓகே.”

‘அவன்’ என்றது என்னை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு அங்குலத்தில் ஊசித் துளைகள் பத்து. ஆனால் அதில் இரண்டு ரிவர்ஸ் தையல். தையல் பிரியாமல் இருக்க, தொடங்கும் இடத்தில் மெஷின் இரண்டு தையல் பின்னால் போய்வரும். அந்தத் துளைகளை நாங்கள் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆக, எட்டு. அவன் சொன்னதுதான் சரி.

நான் பத்து என்று எழுதினேன்.

தோற்க மனமில்லை என்று சொன்னால் அது பாதிதான். மண்டபத்தின் நடுவில் அவன் கப்பல் இருக்கும், அதைச் சுற்றி எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள், நான் அதைத் தூக்கிவர உதவியவனாக ஓரத்தில் நிற்பேன் என்று வயிறு எரிந்தது. பொறாமை. வேறு பெயர் அதற்குக் கிடையாது.

குழுவில் பெரிய பாராட்டு. ஷூக்காரர் கண்ணே கண்ணு என்றார் ஒருவர். என் கணக்குப்படி அந்த ஆறடி கேப்டனுக்குப் பெண்கள் அளவு பூட்ஸ்தான் வரும். சட்டையின் பட்டனுக்காக ஒரு வாரம் அடித்துக்கொண்ட மேதாவிகளில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. அவன் மட்டும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டான். கூட்டம் நடத்துகிறவர்கள் அடுத்த நாளே, அளவு தப்பாகிவிட்டதால் மாதிரியை நடுவில் வைக்க முடியாது, குழந்தைகள் பக்கம் வைக்கலாம் என்று எழுதினார்கள். அவன் கொண்டுபோகவில்லை. சென்னைக்கு நான் மட்டும் போனேன். மேடையில் ஏற்றி ஒரு கோப்பை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகும் அவன் என்னோடு பேசாமல் இல்லை. கேன்டீனில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். தொடரைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஷிஃப்ட், பஸ், வெயில், இவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். வருடா வருடம் போவதுதான். கூடத்தில் குடில் வைத்திருந்தார்கள். மாட்டுக்கொட்டகையின் கூரை வழக்கமான வைக்கோல் இல்லை, வளைந்த அட்டை. அதில் வரிசையாகப் பித்தளை வளையங்கள். உள்ளே இருந்த சின்ன பல்பின் வெளிச்சம் அந்த ஓட்டைகள் வழியே சுவரில் விழுந்தது.

“டேய், அந்தப் பத்துல ரெண்டு ரிவர்ஸ் தையல்டா,” என்றேன்.

“தெரியும். ஏலத்துல போட்டோ வந்த அன்னிக்கே எண்ணிட்டேன்.”

“அப்றம் ஏன் குரூப்ல சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நான்தான உன்ன எண்ணச் சொன்னேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கேக் வெட்டிக்கொண்டே சொன்னான்.

“நான் இப்பவே போட்டு சரி பண்ணிட்றேன்,” என்று போனை எடுத்தேன்.

“வேணாம் விடு, பேஜாரு. அதான் கப்பல பிரிச்சாச்சே,” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

போனைப் பையில் போட்டேன். அவன் வேண்டாம் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. செய்த திருட்டுத்தனத்தைக்கூட மன்னித்துக்கொள்வேன் போலிருக்கிறது. அந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. குழுவில் இன்றுவரை முந்நூற்று முப்பதுதான்.