மழையில் கழுவிய கார்

ஐப்பசி மாதத்தில் வெள்ளைக் கார் வைத்திருப்பவனைப் போலப் பாவப்பட்டவன் கந்தர்வக்கோட்டைப் பக்கம் யாரும் கிடையாது. எங்கள் ஊர்ச் செம்மண் ஈரத்தில் தெறித்துக் காய்ந்துவிட்டால் லேசில் போகாது. கழுவித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் வானம் மறுபடி மூட்டம் போட்டு நிற்கும். அந்த மழையை நான் வைத வசவையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது.

அந்தக் கல்யாணத்துக்கு முந்திய வாரம் முழுக்க அடைமழை. கல்யாணம் என் தங்கை மகளுக்கு. அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பைப் பிரிப்பதில் சண்டையாகி, நானும் தங்கையும் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தோம். அப்படிப்பட்டவள் தானாகவே போன் செய்தாள்.

"தாய்மாமன்தாண்ணே புள்ளைய மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். விடிகாலையிலயே வந்துருண்ணே."

இதையும் கெடுத்துக்கொண்டால் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

தங்கை வீட்டுக்காரர் பக்கத்துச் சனம் லேசுப்பட்டதில்லை. சேறு அப்பிய காரில் பெண்ணை ஏற்றினால், மாமன் வந்த லட்சணத்தைப் பாரு என்று பந்தியிலேயே சொல்லிக் காட்டுவார்கள். என்னால் தங்கை தலை குனியக் கூடாது. அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து, ஷாம்பு போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்துக் கிளம்பினேன். பின்சீட்டில் சீர்த்தட்டுகள். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் நான் பெண்ணுக்குப் போட வேண்டிய மாலை.

ரோடு வேலைக்காக வெட்டிப் போட்டிருந்த இடத்தில் எதிரே வந்த பஸ் பள்ளத்தில் இறங்கி, கண்ணாடியிலிருந்து கதவு வரை செஞ்சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது.

"அடப்பாவி! நாசமாப் போக!" என்று கத்திவிட்டேன். நேரே கண்மாய்க் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"மழையில போற வண்டிக்கு என்னங்க குளிப்பாட்டு? நேரமாச்சு, எடுங்க" என்றாள் மனைவி.

"இந்தக் கோலத்துல போய் நிக்கச் சொல்றியா? சும்மா இருடி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் மொண்டு ஊற்றினேன். கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வந்திருந்தது. தண்ணீரே செக்கச்செவேலென்று கிடந்தது. ஊற்ற ஊற்றக் கார் இன்னும் சிவந்தது. எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தூறல் வலுத்ததும், இந்தத் தண்ணீராவது சுத்தமாக இருக்கிறதே என்று மழையிலேயே நின்று துண்டால் தேய்த்தேன். கை மரத்துப்போனது. அழுகையாக வந்தது.

"ஒங்க தங்கச்சி மறுபடியும் கூப்புடுதுங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி போனை நீட்டினாள்.

"இந்தா வந்துட்டோம்னு சொல்லு" என்றேன், தேய்ப்பதை நிறுத்தாமல்.

ஒருவழியாக வெள்ளை தெரிந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் தங்கை வீடு பூட்டிக் கிடந்தது. மண்டபத்துக்கு விரட்டினேன்.

வாசலில் தங்கை நின்றிருந்தாள். நல்ல நேரம் முடியப் போகிறதென்று அவள் கொழுந்தன் காரில் பெண்ணை ஏற்றி வந்துவிட்டார்களாம். எங்கள் சித்தப்பா மகன் தாய்மாமனாக நின்று மாலையும் போட்டுவிட்டானாம்.

"சேறு அடிச்சிருச்சும்மா... கழுவிட்டு வர..." என்று காரைக் காட்டினேன்.

அவள் காரின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்களுக்கு வண்டியாண்ணே இல்ல? ஒன்னயத்தானே கூப்புட்டேன். நீ சைக்கிள்ல வந்திருந்தாலும் புள்ள பின்னாடி ஏறி உக்காந்திருப்பாளே! வாசலயே பாத்துக்கிட்டு நின்னா, தெரியுமா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவி மாலையை என் கையில் கொடுத்தாள். அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.