மக்கும் குப்பையில் முந்திரி ஓடு

உடையார்பாளையத்திலிருந்து அம்மா அனுப்பிய பச்சை முந்திரிக்கொட்டையை உரித்தேன். குழந்தை உரித்த ஓட்டை எடுத்து வாயில் வைத்துவிடுவானோ என்ற பயத்தில், வாசல் சருகோடு சேர்த்து மக்கும் குப்பையில் போட்டுவிட்டேன். குப்பை வண்டி தெரு திரும்பிய பிறகுதான் உறைத்தது: குப்பை வாங்கும் அக்கா சருகைக் கையால்தான் பிரிப்பார், ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“அக்கா, கை வைக்காதீங்க! முந்திரி ஓடு கெடக்கு.”

அவர் கொப்புளம் வெடித்த விரல்களைக் காட்டினார். “போன வாரமும் கெடந்துச்சு. எந்த மகராசியோ!”

“அதுவும் நான்தாங்க்கா.”

“அப்ப நீயே பொறுக்கு. புள்ளயக் குடு.”

அந்தக் கையில் இன்னும் பால் ஒட்டியிருக்குமோ என்று தயங்கினேன். அவர் கவனித்துவிட்டார். நீட்டிய கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு இறக்கினார்.

“கைக்குச் சாம்பல் தடவிக்கிட்டுப் பொறுக்கு, பால் ஒட்டாது” என்றார்.