மிளகாய் குடோனில் கல்யாண வீடியோ

போன வாரம் பட்டப்பகலில், நயினார்கோவில் பக்கம் ஒரு மிளகாய் குடோனில் உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்குச் சாக்கு அடைத்துக்கொண்டு... தும்மித் தும்மி.

ஏன் குடோன்? அதற்கு என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. கல்யாண வீட்டில் அவள் தலை தெரிந்தாலே சமையல்காரர் சாம்பார் அண்டாவை மூடிவிடுவார். இந்தப் பத்தியைக்கூட யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதையெல்லாமா அச்சடிக்கிறார்கள் என்பாள்.

அப்படிப்பட்டவள், மகனின் கல்யாண சிடி வந்ததிலிருந்து எந்தக் காட்சி ஓடினாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரான மச்சானுக்கு லேசாக உறுத்தியது. ஒருநாள் சிடி மாறி, தொண்டியில் நடந்த வேறொரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஓடியிருக்கிறது. அக்கா டிவியைப் பார்த்தபடியே, மாலை போட்டதும் நம்ம பயலுக்குத் தனிக் களை வந்துவிட்டது என்றிருக்கிறாள்.

மச்சான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை கண்ணைப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மதுரை டாக்டர். பெரிதாகக் காட்டினால் தெரியுமா என்று மச்சான் கேட்டார். முயற்சி பண்ணிப் பாருங்கள் என்று பதில் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அக்கா வாயைத் திறந்தாளாம். மேடையில் பக்கத்திலேயே நின்றும், மகன் தாலி கட்டியது வெள்ளையும் மஞ்சளுமாகத்தான் தெரிந்ததாம். எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாளாம்.

மச்சான் கடையில் புரொஜெக்டர் விலை விசாரித்தார். ஒரு வருஷ மிளகாயை விற்றாலும் கட்டாது. தானே செய்வதென்று முடிவெடுத்தார். பம்ப்செட் மோட்டாரைத் தவிர வேறெதையும் கழற்றிப் பார்த்திராத மனுஷன்!

ராமநாதபுரம் காயலான் கடையில், யாரோ கழித்துப் போட்ட பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்று கிடந்தது. அதிலிருந்து நோட்டுப் புத்தகம் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். மூடிப்போன டீக்கடையிலிருந்து பதினாலு இஞ்ச் டிவி. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்பு பெயிண்ட். பெட்டியின் ஒரு முனையில் டிவி, மறுமுனையில் லென்ஸ் — அவ்வளவுதான். டிவியில் ஓடுகிற படம் பெரிதாகிச் சுவரில் விழும்.

விழுந்தது. தலைகீழாக. மச்சான் அசரவில்லை, டிவியைக் கவிழ்த்து வைத்தார். ஆட்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

ஆனால் வெளிச்சம் ரொம்பக் கம்மி. கும்மிருட்டு இருந்தால்தான் படம் தெரியும். ராத்திரியில் பார்க்கலாமே என்பீர்கள். பொழுது சாய்ந்தால் அக்காவுக்குக் கண் இன்னும் மங்கிவிடும். காலையில்தான் கொஞ்சம் தெளிவு. பகலில் இருட்டாக இருக்கிற இடம் அவர்களிடம் மிளகாய் குடோன் ஒன்றுதான்.

அக்காவைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக உட்கார வைத்தோம். மச்சான் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார். சுவரில் அவள் மகனின் முகம், முறம் அகலத்துக்கு.

அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு கழுத்தை நீட்டினாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாங்கள் இருவரும் படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிளகாய் நெடியா, வேறு ஏதாவதா? எனக்கும்தான் வழிந்துகொண்டிருந்தது.

மச்சான் என் காதருகே குனிந்தார். "தெரியல போல மாப்ள. நிப்பாட்டிரட்டா?"

அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, எம் மகனுக்கு இடது கையாலயா திருநீறு பூசுன?"

தாய்மாமன் செய்கிற காரியமா அது? சுவரைப் பார்த்தேன். நான்தான்... இடது கைதான். பிறகுதான் உறைத்தது. டிவியைக் கவிழ்த்ததில் இடம் வலமாகிவிட்டிருக்கிறது. சுவரில் அத்தனை பேருமே இடதுகைக்காரர்கள்! மருமகள் முந்தானையை வலது தோளில் போட்டிருப்பதையும் அடுத்த நிமிஷமே அக்கா பிடித்துவிட்டாள். பந்தலில் வாழைமரம் சாய்ந்திருக்கிறதாம். மாப்பிள்ளைத் தோழன் கொட்டாவி விடுகிறானாம். அதெல்லாம் நிஜமாகவே வீடியோவில் இருந்தது.

மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தும்மினார். ரொம்ப நேரம் தும்மினார்.

குறை சொல்கிறவர்களைக் கண்டால் நாம் தெருவை மாற்றிப் போகிறோம். வாயார வாழ்த்துகிறவர்கள் பாதிப் பேர் நம்மைப் பார்ப்பதே இல்லை என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? எனக்கு அந்தக் குடோனில்தான் தோன்றியது.

அக்காவுக்கு விளக்கம் சொன்னேன் — லென்ஸ், கவிழ்த்த டிவி, இடம், வலம். பொறுமையாகக் கேட்டாள்.

"செய்யிறதையும் செஞ்சுபுட்டு, லென்ஸு மேல பழியப் போடுறியாக்கும்."

எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். செய்யாத தப்புக்கு இவ்வளவு சந்தோஷமாக நான் மன்னிப்புக் கேட்டதே கிடையாது.