பாதிக் கடனும் என் பாதிச் சாட்சியும்

சபையில் என்னை உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்காருகிற ஜான்சி. நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே சபையில் முன்னால் நின்று, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை என்று ஒரு சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டி ஆண்டவரைத் துதித்தீர்கள். அந்தச் சாட்சியில் பாதிதான் உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவர் செல்வினும் புனேயில் விஷ்ராந்த்வாடியில் மூன்று வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறினோம். இந்த ஊரில் ஒப்பந்தம் பதினொரு மாதம்தான். பாத்திரங்களுக்கு இடம் பழகுவதற்குள் புரோக்கர் போன் செய்துவிடுவார். மூன்று வீட்டுக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே நிபந்தனை போட்டார்கள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் கல்யாணத்துக்கு வாலிபர் கூட்டத்தார் கொடுத்த பெரிய சுவர்க் கடிகாரம் மூன்று வீட்டிலும் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்தபடியே நின்றது. கதவை வேகமாகச் சாத்தினால் சரிந்துவிடும். அதைப் பிடித்து நிமிர்த்தும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். நமக்கென்று ஒரு சுவர் வேண்டும் ஆண்டவரே என்று கேட்பேன்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் ஊரின் இன்னொரு பக்கம், நிக்டியில் ஒரு வீடு பார்த்தோம். பழைய கட்டடம், இரண்டாவது மாடி, ஒரே படுக்கையறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேப்பமரத்தின் கிளை கைக்கு எட்டும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊழியர். கட்டடத்தில் எல்லோரும் அவரை மராத்தியில் சித்தப்பா என்கிற மாதிரி காகா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முன்பணம் கொடுத்தோம். வங்கிக் கடன் வாங்கிவர இரண்டு மாதம் தவணை கொடுத்தார்.

மூன்றாவது வாரத்திலேயே வங்கி மறுத்துவிட்டது. அங்கிருந்த அதிகாரியம்மா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உங்க பழைய கிரெடிட் கார்டு கடன்ல பாதிதான் கட்டியிருக்கீங்க. மீதி வராத கடன்னு நிக்குது. இதை வெச்சுக்கிட்டு வீட்டுக் கடன் தர மாட்டாங்க" என்று ஹிந்தியில் தன்மையாகச் சொன்னார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏனென்றால் நான் நான்கு வருடங்களுக்கு முன்னால் சாட்சி சொன்னதே அந்தக் கடனைப் பற்றித்தான்.

புனேக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரே வங்கியின் இரண்டு கிரெடிட் கார்டு வைத்திருந்தேன். போன், லேப்டாப், தூத்துக்குடியில் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் தேய்த்தேன். வேலை போனதும் கடன் மூன்று லட்சத்தில் வந்து நின்றது. வசூல்காரர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிட்டார்கள். கார்டு படிவத்தில் யார் பேரையாவது எழுத வேண்டுமே என்று பாடகர் குழு அக்கா ஒருவர் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவரையும் கூப்பிட்டார்கள். சாகலாம் போல இருந்தது. கடைசியில் ஒரு வசூல்காரர், "மேடம், பாதி கட்டிடுங்க, கடிதம் தந்துடுறோம், முடிஞ்சது" என்றார். வளையல்களை விற்றுக் கட்டினேன். போன் வருவது நின்றது. அடுத்த ஞாயிறே முன்னால் வந்து, ஆண்டவர் என் பாதிக் கடனைத் தள்ளுபடி செய்தார் என்று சொன்னேன். அந்தக் கடிதத்தில், மீதி வராத கடனாகப் பதிவில் நிற்கும் என்றிருந்த கீழ்ப்பகுதியை நான் வாசிக்கவே இல்லை.

வங்கியிலிருந்து வந்த அன்று செல்வின் என்னைத் திட்டவில்லை. "ஒன் சாட்சிய நம்ம சபைதான் நம்புச்சு, பேங்க்காரன் நம்பல போலுக்கே" என்றார். சிரிக்க முயன்றேன். முடியவில்லை.

உபவாசம் இருந்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? அந்தப் பதிவு அழிந்துபோக வேண்டும், வேறு ஏதாவது வங்கி அதைக் கவனிக்காமல் விட வேண்டும். இப்படித்தான் ஜெபித்தேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி நிக்டிக்குப் போவேன். எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று அந்த ஜன்னலைப் பார்ப்பேன். திரைக்கு என்ன நிறம் போடலாம் என்று யோசிப்பேன். காகா கண்ணில் படுவதற்குள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் இப்படி ஏங்கியதில்லை.

புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில், வங்கி மறுத்துவிட்டது, ஜெபியுங்கள் என்று மட்டும் சொன்னேன். கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது, பள்ளி வேன் ஓட்டும் டேவிட் அண்ணன் பக்கத்தில் வந்தார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். அவர் தமிழில் பாதி ஹிந்தி இருக்கும்.

"சிஸ்டர், எனக்கும் சேம் ப்ராப்ளம். நீ சாட்சி சொன்னியே, அத கேட்டுதான் நானும் என் லோன்ல ஆதா, பாதி மட்டும் கட்னேன். இப்ப சொந்தமா வேன் வாங்க போனா எவனும் லோன் குடுக்கல."

"ஏன் அண்ணா எங்கிட்ட சொல்லல?"

"எப்டி சொல்றது? நீ ஆண்டவர் செஞ்சார்னு சொன்ன. எனக்கு மட்டும் ஏன் செய்லன்னு நெனச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று என்னால் பழைய ஜெபத்தைச் செய்ய முடியவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, நீர் செய்யாததை நீர் செய்ததாகச் சொல்லிவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று காட்டும்" என்று மட்டும் கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் செய்யத்தான் பெலன் வேண்டியிருந்தது.

மீதிக் கடன் ஒன்றரை லட்சம். வீட்டுக்காகச் சேர்த்த பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தால் அந்த ஜன்னல் போய்விடும். செல்வினிடம் சொன்னேன். ஃபிரிட்ஜின் மேல் சரிந்திருந்த கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தார். "எடுத்துக் கட்டிருட்டீ" என்றார்.

கார்டு கொடுத்த வங்கிக்குப் போனேன். கேட்காத பணத்தைக் கட்ட வந்தவளை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது. மூன்று மேசைகளுக்கு அனுப்பினார்கள். கட்டினேன். பாக்கி இல்லை என்ற சான்றிதழை இந்த முறை கடைசி வரி வரை வாசித்தேன். பதிவு திருந்தச் சில மாதம் ஆகும் என்றார்கள்.

பிறகு காகாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் உள்ளே போய் அந்தப் பணத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். வீட்டை வேறொருவருக்கு விற்றார். கிரகப்பிரவேசத்துக்கு அந்த ஜன்னலில் தோரணம் கட்டியிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு நிக்டிப் பக்கமே போகவில்லை. அந்த மாதங்களில் என் ஜெபத்தில் வார்த்தை குறைவு. வேணும் ஆண்டவரே, வேணும் என்பேன். அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்துக் காகா போன் செய்தார். அதே கட்டடத்தில் தரைத்தளத்து வீடு விற்பனைக்கு வருகிறதாம். "புரோக்கரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்கிறேன் மகளே. கேட்காமலே வந்து உண்மையைச் சொன்ன பெண் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். கடன் வரும்வரை காத்திருப்பார்கள்" என்றார். அவர் ஹிந்தியில் சொன்னதைச் செல்வினிடம் தமிழில் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு அழுகை.

அதே அதிகாரியம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. இந்தக் கோடையில் குடிபோனோம். ஜன்னலில் கிளை தெரியாது. வேப்பமரத்தின் அடிப்பகுதியும் நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களும் தெரியும். மாடியைப் பார்த்தால் இன்னமும் கொஞ்சம் ஏக்கம் வரத்தான் செய்கிறது.

டேவிட் அண்ணனும் தன் மீதிக் கடனை மாதாமாதம் கட்டி வருகிறார். அவருடைய வேனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். வசூல்காரர் போன் வந்தால் மறைத்துக்கொண்டு வெளியே போகிறவர்கள் நம் சபையில் இன்னும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படிப் போனவள்தான். என்னிடம் வாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து உங்கள் கடிதத்தை முழுவதும் வாசிப்போம். ஆண்டவரிடம் முழு உண்மையையும் சொல்லிக் கேளுங்கள். அவர் என்னைக் கைவிடவில்லை.

குடிபோன அன்று டேவிட் அண்ணன்தான் துளைபோடும் மிஷினோடு வந்தார். ஸ்டூலில் ஏறி நின்று, "போல் சிஸ்டர், சொல்லு, எங்க அடிக்கணும்?" என்றார்.

நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தேன். மூன்று வருடம் ஒரு சுவர் கேட்டவள், அதில் எந்த இடம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அண்ணன் மிஷினைக் கையில் பிடித்தபடி பொறுமையாக நின்றார். நான் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.