டெமோவில் ஜெயித்த அப்பா

இன்று காலை மகளின் கையடக்க கேம் கருவியில் பத்து நிமிடம் எதிரி விமானங்களைச் சுட்டுத் தள்ளினேன்.

"பாரு பாப்பா, அப்பா இன்னும் அவுட்டே ஆகல!"

எட்டிப் பார்த்தாள். "ஐயோ அப்பா, அது டெமோ. தானா ஓடுது. நீங்க சும்னே பட்டனை அழுத்தினு இருக்கீங்க."

வெட்கத்தோடு ஸ்டார்ட்டை அழுத்தினேன். பூந்தி மாதிரி குண்டு கொட்டியது. ஏழே நொடியில் மூன்று உயிரும் போயின. தள்ளுபடியில் டீ விலைக்கு வாங்கிய கேம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தோற்றதில் வருத்தம்கூட வரவில்லை.

டெமோவில் ஜெயித்தவர்கள் வேறு யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்குங்கள்.

"இன்னிக்கும் கம்பெனி லீவாப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் வந்த பிறகு அங்கேயும் இப்படித்தான் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றேன். போன வாரம் வேலையை விட்டே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.